மஞ்சள் தாள் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச்: பந்தய வீரரா, பத்திரிகைக்காரரா, சர்வாதிகாரியா?

செயின்கவர்:
ஜூலை வந்தால் நம் களத்தில் மஞ்சள் ஜெர்சி பேச்சுதான், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் போடுவது. அந்த ஜெர்சியில் பல வருஷம் ஹெச்.டி. என்று இரண்டு எழுத்துகள் இருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது ஸ்பான்சர் பெயர் இல்லை. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சின் முதலெழுத்துகள். இவரைப் பற்றித் தனியாக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

பாரிஸில் 1865 ஜனவரி 31 அன்று பிறந்தவர். சட்டம் படித்து, வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கெண்டைக்கால் தெரிய சைக்கிள் ஓட்டுகிறார் என்று ஒரு கட்சிக்காரர் முகம் சுளித்ததால் வேலை போயிற்று என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இட்டுக்கட்டியதோ, ஆளுக்குப் பொருத்தமான கதை.

1893 மே 11 அன்று பஃபலோ வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய மைதானத்தில், ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். (பஃபலோ பில்லின் சர்க்கஸ் கூடாரம் போட்ட இடம் என்பதால் அந்தப் பெயர்.) முறையாக ஏற்கப்பட்ட முதல் 'ஒரு மணி நேர' சாதனை அதுதான். 2022-இல் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருப்பவர் தெகிராஞ்ச். அடுத்த வருஷமே ஜூல் துபுவா 38-ஐத் தாண்டிவிட்டார் என்பது வேறு விஷயம். ஓட்டக்காரராக இவர் நல்லவர், மகத்தானவர் இல்லை. அந்தச் சாதனைக்கு மறு வருஷம் இளம் வீரருக்குப் புத்தி சொல்வதுபோல ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினார். 1897-இல் பார்க் தெ பிரின்ஸ் வெலோட்ரோமின் இயக்குநரானார்.

என் கட்சி இதுதான்: டூரின் விதிகள் எல்லாமே ஒரு பத்திரிகை ஆசிரியர் போட்ட விதிகள். அப்படிப் பார்த்தால்தான் அவர் செய்த கிறுக்குத்தனங்கள் புரியும். சரி, தொடங்குங்கள்.

பழையபேப்பர்:
நல்ல இழை. பத்திரிகைப் பக்கத்தை நான் சொல்கிறேன், அது சுவாரசியமான சண்டை.

அப்போது பிரான்ஸில் விளையாட்டுச் செய்தி என்றால் 'லெ வெலோ' என்ற நாளிதழ்தான். பச்சைத் தாளில் வரும். ஆசிரியர் பியர் ஜிஃபார். அந்தச் சமயம் நாடே த்ரேஃபூஸ் வழக்கில் (தேசத்துரோகி என்று தவறாகத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி) இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜிஃபார் த்ரேஃபூஸ் பக்கம். அவர் பத்திரிகைக்குப் பணமாகவும் விளம்பரமாகவும் கொட்டிய கார், சைக்கிள் முதலாளிகளில் பலர் எதிர்ப்பக்கம். கார் தயாரித்த தெ தியோன் பிரபு 1899-இல் ஓத்தேய் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்த கலவரத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே குடியரசுத் தலைவர் லூபேயின் தலையில் இன்னொரு பிரபு கைத்தடியால் அடித்தார்; நம்ப முடியவில்லை என்றாலும் நடந்தது. தெ தியோனுக்கு 15 நாள் சிறை. ஜிஃபார் அவரை எழுத்தில் வறுத்தெடுத்தார்.

தெ தியோன் கோபித்துக்கொண்டு வெளியே வந்து, அதோல்ஃப் கிளெமான், மிஷ்லான் ஆகியோரைக் கூட்டிப் போட்டிப் பத்திரிகை தொடங்கினார். ஆசிரியர் நாற்காலிக்கு தெகிராஞ்ச். முதல் இதழ் 1900 அக்டோபர் 16. பெயர் 'லோட்டோ-வெலோ'. எதிராளி பச்சை என்பதால் இவர்கள் மஞ்சள் தாள்.

த்ரேஃபூஸ் கதையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஜிஃபாரிடம் விளம்பரக் கட்டணம் கூடுதல் என்ற புகைச்சலும் முதலாளிகளுக்கு இருந்தது. கொள்கை பாதி, காசு பாதி.

ஜிஃபார் விடவில்லை. என் பத்திரிகைப் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். 1903 ஜனவரியில் சைக்கிள் என்று பொருள்படும் 'வெலோ'வை வெட்டி வெறும் 'லோட்டோ' ஆக்க வேண்டியதாயிற்று. சைக்கிள்காரர்களுக்கு நடத்தும் பத்திரிகையின் பெயரில் சைக்கிளே இல்லை! விற்பனையும் 25 ஆயிரம் அளவில் நொண்டிக்கொண்டிருந்தது.

ஸ்பேனர்12:
ஆக, பேப்பர் விற்க நடத்திய திருவிழாதானா டூர்? 😄

பழையபேப்பர்:
அதேதான் தம்பி. யாரும் அதை மறைக்கவும் இல்லை.

கடைசிஆள்:
இங்கே ஒருவர் பெயர் இன்னும் வரவில்லை. ஜெயோ லெஃபெவ்ர். இவரும் சைக்கிள் ஓட்டியவர், இவரும் பத்திரிகைக்காரர். ஜிஃபாரிடமிருந்து தெகிராஞ்ச் இழுத்துக்கொண்டு வந்த இளைஞர்.

1902 நவம்பர் 20. மோன்மார்த்ர் பகுதியில் லோட்டோ அலுவலகத்தில் கூட்டம். ஜிஃபாரின் வாயை அடைக்க ஏதாவது செய்யுங்கள் என்று தெகிராஞ்ச் கேட்கிறார். வட்டமாக ஓடும் ஆறு நாள் பந்தயங்கள் அப்போது வெலோட்ரோம்களில் நடக்கும். அதையே நாட்டைச் சுற்றி ஓட்டினால் என்ன என்று லெஃபெவ்ர்தான் சொல்கிறார். அப்புறம் இருவரும் பக்கத்தில் இருந்த சிம்மர் உணவு விடுதியில் சாப்பிடப் போனார்கள். அங்கேயும் தெகிராஞ்ச் பிடி கொடுக்கவில்லை. கணக்குப் பார்க்கும் விக்டர் கொதேயைக் கேட்கிறேன் என்று தள்ளிவிட்டார். கொதே மறுப்பார், பழி அவர் மேல் போகும் என்பது கணக்கு. கொதேயோ, பணப்பெட்டியைத் திறந்து வைக்காத குறையாக ஒப்புக்கொண்டுவிட்டார்!

1903 ஜூலை 1 அன்று மோன்ழெரோன் ஊரில் ஒரு மதுக்கடை வாசலில் 60 பேர் புறப்பட்டபோது தெகிராஞ்ச் அங்கே இல்லை. பந்தயம் படுத்துவிட்டால் ஊரார் வாயில் விழுவானேன் என்று ஒதுங்கியே இருந்தார். லெஃபெவ்ர்தான் ரயிலிலும் சைக்கிளிலும் மாறி மாறிப் பின்தொடர்ந்தார். நடுவர், நேரக்காப்பாளர், நிருபர் எல்லாம் அவரே. பந்தயம் ஜெயித்த பிறகு 'டூரின் தந்தை' பட்டம் மட்டும் தெகிராஞ்சுக்கு. அதுதான் நியாயமா என்று கேட்கிறேன்.

செயின்கவர்:
கடைசிஆள் அண்ணே, யோசனை லெஃபெவ்ருடையது என்பதில் தகராறே இல்லை. ஆனால் யோசனையை ஓட வைத்தவர் யார் என்று பாருங்கள்.

முதலில் அறிவித்தது மே 31 முதல் ஜூலை 5 வரை, நுழைவுக் கட்டணம் 20 பிராங்க். பதிவு செய்தவர்கள் 15 பேர். தெகிராஞ்ச் என்ன செய்தார்? பந்தயத்தை ஜூலைக்குத் தள்ளி 19 நாளாகச் சுருக்கினார். கட்டணத்தைப் பாதியாக்கினார். மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் ஓட்டும் முதல் 50 பேருக்குத் தினப்படி 5 பிராங்க் என்றார். ஒரு தொழிலாளியின் நாள் கூலி அளவு அது. பேர் பெற்ற வீரர்களோடு கசாப்புக்காரர், வேலையில்லாதவர் என்று கலவையாக வந்து சேர்ந்தார்கள். இந்தக் கூட்டத்தைத் திரட்டியது ஆசிரியரின் மூளை. சைக்கிள் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீரர்கள் மட்டும் ஓடியிருந்தால் ஊர்க்காரன் பேப்பர் வாங்க மாட்டான்.

6 கட்டம், 2,428 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து லியோன் வரையான முதல் கட்டமே 467 கிலோமீட்டர். மோரிஸ் காரின் இரவெல்லாம் மிதித்து 17 மணி 45 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசியில் முடித்தவர்கள் 21 பேர். முடிவு எங்கே? பார்க் தெ பிரின்ஸில். யார் இயக்குநராக இருந்த மைதானம் என்று ஞாபகம் இருக்கிறதா? கட்டணம் கொடுத்து உள்ளே வந்து பார்த்தார்கள்.

விற்பனை 25 ஆயிரத்திலிருந்து 65 ஆயிரம் ஆயிற்று. 1904-இல் லெ வெலோ மூடப்பட்டது.

மலையேறி:
1904 பந்தயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதுபோல ஒரு அசிங்கம் சைக்கிள் பந்தயத்தில் அப்புறம் வரவே இல்லை.

சான் எத்தியேன் அருகே ஒரு மலைச் சாலையில், உள்ளூர் வீரர் ஃபோரை முன்னே விட்டுவிட்டு, பின்னால் வந்தவர்களை ஒரு கும்பல் தடியால் அடித்தது. காரினுக்கும் அடி. கெர்பி என்ற இத்தாலியரால் தொடர முடியவில்லை. அதிகாரிகள் துப்பாக்கியால் வானத்தில் சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைத்தார்கள். சாலையில் ஆணி இறைத்தார்கள். சிலர் ரயில் ஏறினார்கள், சிலர் காரோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். வருஷக் கடைசியில் பிரெஞ்சு சைக்கிள் சங்கம் விசாரித்து முதல் நான்கு பேரையும் தகுதிநீக்கம் செய்தது. காரினும் அவர் தம்பியும் அதில் உண்டு. ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்ரி கோர்னே ஜெயித்தவர் ஆனார்.

டூர் முடிந்துபோயிற்று, இந்த இரண்டாவதுதான் கடைசியாக இருக்கும் என்று அஞ்சுகிறேன் என்று தெகிராஞ்ச் அப்போது எழுதினார். உணர்ச்சி பொங்க எழுதி முடித்துவிட்டு மறு வருஷ வேலையில் இறங்கிவிட்டார்!

பழையபேப்பர்:
அந்த மறு வருஷ மாற்றங்களும் கவனிக்க வேண்டியவை. கட்டங்களை 11 ஆக்கி நீளத்தைக் குறைத்தார், இருட்டில் ஓடுவது குறைந்தால் தில்லுமுல்லும் குறையும் என்று. நேரத்தைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்காமல் புள்ளி முறை கொண்டுவந்தார். ஐந்து நிமிஷத்தில் பின்தங்கினாலும் ஐந்து மணி நேரத்தில் பின்தங்கினாலும் வரிசையில் ஒரே இடம்தானே, அப்படியானால் ஆணி இறைப்பதில் ஆதாயம் குறைவு. அப்படியும் 1905-இல் ஆணி இறைத்தார்கள். புள்ளி முறை 1912 வரை நீடித்தது.

மலையேறி:
இனி என் இடம், மலை.

1905-இல் பலோன் தால்சாஸ் மலையைச் சேர்த்தார்கள், ரெனே பொத்தியே முதலில் ஏறினார். ஆனால் அது குன்று. ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனீஸ் மலைகளைச் சேர்க்கலாம் என்று நச்சரித்தவர் அல்ஃபோன்ஸ் ஸ்டைன்ஸ், இவரும் லோட்டோ ஆள். தெகிராஞ்சுக்கு நம்பிக்கை இல்லை. நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்.

பனி கரையாத நேரத்தில் ஸ்டைன்ஸ் காரில் தூர்மாலே கணவாய் ஏறுகிறார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கார் பனியில் நின்றுவிடுகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. ஆள் இறங்கி நடக்கிறார், வழி தவறி விழுகிறார், விறைத்துப்போய் நள்ளிரவு கடந்து பாரேஜ் ஊருக்கு வந்து சேர்கிறார். தேடிப்போன ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். உயிர் பிழைத்தவர் தெகிராஞ்சுக்கு அடித்த தந்தியின் சாரம்: தூர்மாலே கடந்தேன், சாலை மிக நன்று, முழுக்கப் போக்குவரத்துக்கு ஏற்றது.

இந்தத் தந்தியை நம்பித்தான் 1910 ஜூலை 21 அன்று லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். நடுவில் பெரேசூர்த், அஸ்பன், தூர்மாலே, ஒபீஸ்க். கரடி திரியும் மலைப்பாதை. ஒக்தாவ் லாபீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒபீஸ்க் அருகே நின்ற அதிகாரிகளைப் பார்த்து 'நீங்கள் எல்லாரும் கொலைகாரர்கள்' என்று கத்தினார். ஆனால் அந்த இடத்தில் தெகிராஞ்ச் நிற்கவில்லை! உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பாரிஸ் போய்விட்டார். திட்டு வாங்கியவர் அவருக்குப் பதில் பொறுப்பேற்ற விக்டர் பிரேயே.

1903-இலும் இல்லை, 1910-இலும் இல்லை. ஆபத்து வரும்போது மனிதர் சரியாக விலகிவிடுகிறார். நல்லது நடந்த பிறகு மறு வருஷம் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாயைச் சேர்த்து அதைக் கும்பிட்டுக் கட்டுரை எழுதினார். அதன் முன்னால் தூர்மாலே எல்லாம் சப்பென்ற பீர் என்றார்.

ஸ்பேனர்12:
ஒரு மெக்கானிக்காக எனக்கு இந்த ஆள் மேல் தீராத கோபம் 1913-க்காக.

யூஜின் கிறிஸ்டோஃப் தூர்மாலே இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். விதிப்படி சைக்கிளை மாற்றக் கூடாது, யாரும் உதவக் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து சான்த் மாரி தெ கம்பான் ஊருக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லுப் பட்டறை. கொல்லர் செய்து தரத் தயார், ஆனால் தொடக் கூடாது. கூடவே நடுவர்கள் நிற்கிறார்கள், எதையாவது தொட்டுவிட்டால் எழுதிக்கொள்ள.

சைக்கிள் ஃபோர்க்கில் கை வைத்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். வெறும் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, தலைக்குழாயில் பொருந்தும்படி அடித்து, இரண்டு காலும் ஒரே நீளம் வரும்படி பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணினால் சக்கரம் ஒரு பக்கம் உரசும். ஒரு கையில் குறடு, ஒரு கையில் சுத்தியல். அப்போது துருத்தி ஊத மூன்றாவது கைக்கு எங்கே போவது? பட்டறையில் இருந்த பையன் ஊதினான். அந்தத் துருத்திக்கு அபராதம் 10 நிமிஷம்! பிறகு பெரிய மனசு பண்ணி 3 நிமிஷமாகக் குறைத்தார்கள். நடந்ததிலும் பட்டறையிலும் நான்கு மணி நேரம் போனது. மனிதர் மறுபடி ஏறி உட்கார்ந்து அன்றைய கட்டத்தை முடித்தார்.

கியர் கதை இன்னும் மோசம். பின்சக்கரத்தில் இந்தப் பக்கம் ஒரு பல்சக்கரம், அந்தப் பக்கம் ஒன்று. மலை வந்தால் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். ஊரில் சாதாரண ஜனங்கள் கியர் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் டூர் வீரன் குளிரில் விறைத்த விரலால் நட்டு திருகிக்கொண்டிருந்தான். 1937 வரை இப்படித்தான். தெகிராஞ்ச் பொறுப்பை விட்டுப் போன பிறகுதான் அனுமதி.

செயின்கவர்:
ஸ்பேனர், நீங்களே என் கட்சிக்கு வாதாடிவிட்டீர்கள். கிறிஸ்டோஃபின் ஃபோர்க் முறியாமல் அவர் ஜெயித்திருந்தால் இன்றைக்கு நாம் அவரைப் பற்றிப் பேசுவோமா? அந்த வருஷம் ஜெயித்த ஃபிலிப் தீஸ் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? டி.வி. இல்லை, ரேடியோ இல்லை. ஜனங்கள் பந்தயத்தைப் பார்த்தது தன் ஊர் வாசலில் ஒரு நிமிஷம். மீதி எல்லாம் மறுநாள் பேப்பரில். படிக்க ஒரு ஆள், ஒரு இடைஞ்சல், ஒரு கண்ணீர் வேண்டும். தனி மனிதன் தனியாகப் போராட வேண்டும் என்ற அவர் வெறிக்கு அதுதான் அடிப்படை. உதவி இருந்தால் கதை இல்லை.

கடைசிஆள்:
கதைக்காக மனிதனை வதைக்கலாம் என்கிறீர்களா?

செயின்கவர்:
நியாயப்படுத்தவில்லை அண்ணே. அவர் மண்டை எப்படி வேலை செய்தது என்கிறேன்.

பழையபேப்பர்:
வேடிக்கை என்னவென்றால், அதே ஆயுதத்தால் அவரையே இன்னொரு பத்திரிகைக்காரர் அடித்தார். 1924. ஷெர்பூரில் புறப்படும் முன் ஒரு அதிகாரி ஆன்ரி பெலிசியேயின் ஜெர்சியைத் தூக்கி, உள்ளே எத்தனை போட்டிருக்கிறார் என்று எண்ணினார். அதிகாலைக் குளிருக்கு இரண்டு மூன்று மாட்டிக்கொண்டு, வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறிவது வழக்கம். விதிப்படி புறப்பட்டபோது இருந்தது எல்லாம் முடியும்போதும் இருக்க வேண்டும். பெலிசியே முந்தைய வருஷத்துச் சாம்பியன். நான் என்ன குழந்தையா என்று கொதித்து, கூத்தான்ஸ் ஊரில் தம்பி ஃபிரான்சிஸோடும் மோரிஸ் வீலோடும் பந்தயத்தை விட்டு இறங்கிவிட்டார்.

ரயிலடிக் கடையில் சாக்லேட் பானம் குடித்துக்கொண்டிருந்தவர்களை அல்பேர் லோந்த்ர் கண்டுபிடித்தார். லெ பெத்தி பாரிசியன் நாளிதழ்க்காரர், முந்தைய வருஷம்தான் கயென் தீவாந்தரச் சிறையைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர். சகோதரர்கள் பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள்: கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரோஃபார்ம், மாத்திரை டப்பாக்கள். சாலைக் கைதிகள் என்ற பட்டம் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. விளையாட்டுச் செய்தியாளர் அல்லாத ஒருவர் வந்துதான் அதை எழுத வேண்டியிருந்தது. லோட்டோவில் அது அச்சேறியிருக்காது.

செயின்கவர்:
மலையேறி சொன்ன 'ஆபத்தில் விலகுவார்' என்பதற்கு மட்டும் ஒரு பதில்.

1914 ஆகஸ்ட் 3 அன்று லோட்டோ முதல் பக்கத்தில் போரை ஒரு பெரிய ஆட்டம் மாதிரி வர்ணித்து, பையன்களே போய் வெட்டிச் சாயுங்கள் என்ற தொனியில் எழுதினார். இன்று படித்தால் வயிறு கலங்கும். அவர் பந்தயத்தை ஜெயித்த மூன்று பேர், ஃபாபர், லாபீஸ், பெத்தி பிரெத்தோன், போரிலிருந்து திரும்பவில்லை. கொலைகாரர்கள் என்று கத்திய அதே லாபீஸ் 1917-இல் விமானத்தில் செத்தார்.

ஆனால் 1917-இல் தெகிராஞ்ச் தானும் சிப்பாயாகச் சேர்ந்தார். வயது 52. அந்த வயதில் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வேறு பெயரில் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

மலையேறி:
சரி, அதை மறுக்க முடியாது. ஆனால் 52 வயதுக்காரர் தானாகப் போனதும், 20 வயதுக்காரனை எழுத்தால் உசுப்பியதும் ஒன்றல்ல.

ஸ்பேனர்12:
மஞ்சள் ஜெர்சி எப்போது வந்தது? அது முதலிலேயே இல்லையா?

பழையபேப்பர்:
1919, கிரெனோபிளில். போட்ட முதல் ஆள் யார் தெரியுமா, உங்கள் கிறிஸ்டோஃப். முன்னணியில் இருப்பவரை ஜனங்கள் சுலபமாக அடையாளம் காணத்தான். நிறம் பேப்பர் நிறம். அந்த வருஷமும் அவருக்கு ஃபோர்க் முறிந்தது, அந்த வருஷமும் டூர் போயிற்று. அதை நினைத்து நீங்கள் கோபப்பட இன்னொரு இழை தொடங்கலாம்.

விற்பனை 1923 டூரின்போது 5 லட்சம், 1933-இல் உச்சமாக 8 லட்சத்து 54 ஆயிரம்.

1930 மாற்றமும் முக்கியம். அதற்கு முந்தைய வருஷம் மோரிஸ் தெ வேல் காய்ச்சலோடு ஓடினார், அவர் கம்பெனி அணி அவரைத் தாங்கிப் பிடித்து ஜெயிக்க வைத்தது. பிணத்தைப் போய் ஜெயிக்க வைத்துவிட்டார்கள் என்று தெகிராஞ்ச் பொருமினார். கம்பெனி அணிகளையே தூக்கிவிட்டு நாட்டு அணிகள் என்றார். எல்லாருக்கும் பெயர் பொறிக்காத மஞ்சள் சைக்கிள். சாப்பாடு, தங்குமிடம் பந்தயம் நடத்துபவர் செலவு. அந்தச் செலவுக்குத்தான் முன்னால் போகும் விளம்பர வண்டி ஊர்வலம். இன்றைக்கும் வீரர்களுக்கு முன்னால் தொப்பியும் மிட்டாயும் வீசிக்கொண்டு போகிறதே, அது.

கடைசிஆள்:
முடிவு எப்படி?

செயின்கவர்:
1936-இல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் காரில் டூரைப் பின்தொடரப் பிடிவாதமாகக் கிளம்பினார். சாலைக் குலுக்கல் தாங்காமல் இரண்டாவது நாளே ஷார்ல்வில் ஊரில் விலகினார். பொறுப்பு ஜாக் கொதேயிடம் போயிற்று, பணப்பெட்டி திறந்த விக்டர் கொதேயின் மகன். மறு வருஷமே கியர் வந்துவிட்டதைக் கவனியுங்கள். தெகிராஞ்ச் 1940 ஆகஸ்ட் 16 அன்று தென்கடற்கரையில் போவலோனில் காலமானார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தொடர்ந்து வெளிவந்ததற்காக லோட்டோ 1944-இல் மூடப்பட்டது. 1946-இல் அதே ஆட்களைக் கொண்டு 'லெக்கீப்' என்ற விளையாட்டு நாளிதழ் வந்தது. காலிபியேயில் அவருக்கு 1949-இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

ஸ்பேனர்12:
அந்தப் பச்சைப் பேப்பர்காரர் ஜிஃபார் என்ன ஆனார்?

பழையபேப்பர்:
பத்திரிகை போன பிறகு வேலை தேடினார். கொடுத்தவர் தெகிராஞ்ச். லோட்டோவில் எழுதினார்.

ஸ்பேனர்12:
வழக்குப் போட்டுப் பெயரைப் பிடுங்கிய ஆளுக்கா! லெஃபெவ்ர்?

கடைசிஆள்:
அவர் டூரை விட்டுவிட்டு மற்ற விளையாட்டுகளை எழுதப் போனார். 1961 வரை இருந்தார். ஜெர்சியில் ஜெ.எல். என்று யாரும் எழுதவில்லை, அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.